ரயட்டின் ரூன்டெர்ரா எம்எம்ஓ: எதை நம்பிக் காத்திருக்கிறீர்கள், எதற்கு அஞ்சுகிறீர்கள்?

வடகரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே.

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் ஆட்டம் நிகழும் ரூன்டெர்ரா உலகை வைத்து ரயட் கேம்ஸ் உருவாக்கிவரும் எம்எம்ஓ (ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் இணைய ஆட்டம்) குறித்து இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். 2020 டிசம்பரில் அதற்குத் தலைமை தாங்கிய கிரெக் ஸ்ட்ரீட் அப்படியொரு ஆட்டம் உருவாகிறது என்று வெளியில் சொன்ன நாள் முதல் நான் காத்திருக்கிறேன். 2023 மார்ச்சில் அவர் நிறுவனத்தை விட்டு விலகியபோதும் காத்திருந்தேன். 2024 மார்ச்சில் நிறுவனர்களில் ஒருவரான மார்க் மெரில், முதலில் வகுத்த வடிவம் இன்று கிடைக்கும் ஆட்டங்களிலிருந்து போதிய அளவு வேறுபடவில்லை என்பதால் திசையையே மாற்றிக்கொண்டுவிட்டதாகவும், இனிப் பல ஆண்டுகளுக்குச் செய்தி எதுவும் வராது என்றும் அறிவித்தபோதும் என் மனம் மாறவில்லை. என் மனைவி இதை நிறுத்தமே இல்லாத இடத்தில் பேருந்துக்கு நிற்பது என்கிறார்.

என் ஆசை அந்த உலகத்தின் மீதானது. 2009இல் லீக் வெளிவந்ததிலிருந்து நாம் ஆடிவருவது பெரும்பாலும் மூன்று பாதைகள் கொண்ட ஒரே மைதானத்தில்தான். ரூன்டெர்ராவின் ஊர்களை ஓவியங்களிலும் சிறுகதைகளிலும் மட்டுமே பார்த்திருக்கிறோம். 2021 நவம்பரில் அந்த உலகைக் காட்டும் ஆர்கேன் தொடர் வந்தபோதுதான் அதன் நகரங்களான பில்ட்டோவருக்கும் ஸானுக்கும் இடையிலுள்ள பாலம் ஒரு பாலமாகவே கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கரையில் பித்தளையும் கண்ணாடியுமாகப் பளபளக்கும் நகரத்தை விட்டு மறுகரையின் பச்சைப் புகைக்குள் என் கால்களால் இறங்கிப் போக வேண்டும். பில்ஜ்வாட்டர் துறைமுகத்தில் கடல் மிருகங்களை அறுத்துக் கூறுபோடும் மேடைகளுக்கு இடையே வழி தெரியாமல் திரிய வேண்டும். இவ்வளவு ஆண்டுகள் நிலப்படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஊருக்கே போகும் ஆசை வருவது இயல்புதானே.

அச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு பழைய கதைக்குப் போக வேண்டும்.

2007இல் எங்கள் வீட்டு இணைப்பில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை பயன்படுத்தும் தரவு கணக்கில் சேராது. ஆகவே இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, ஐரோப்பிய சர்வர் ஒன்றில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுவேன். நான் ஹீலர், அதாவது குழுவினரின் காயங்களை ஆற்றுபவன். ஷேடோ லேபிரிந்த் என்ற டஞ்சனுக்குள் (ஐவர் குழுவாக நுழைந்து எதிரிகளோடு மோதும் இடம்) போவதற்கு முதலில் நகரத்தில் நின்று, எதிரிகளின் அடியைத் தாங்கும் டேங்க் ஒருவரைத் தேட வேண்டும்; பிறகு இரண்டு பேராவது வாசல் வரை பயணம் செய்து, அங்குள்ள சந்திப்புக் கல்லைத் தொட்டு மற்றவர்களை வரவழைக்க வேண்டும். அந்தப் பயணத்தில் பேச்சு தானாக வரும். அப்படி ஓர் இரவு சேர்ந்த சுவீடன் நாட்டு டேங்க், ஒவ்வொரு கூட்டத்தையும் இழுக்கும் முன் நின்று, நான் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, மந்திர ஆற்றலான மானாவை நிரப்பும் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் பிங் (சர்வருக்குச் செய்தி போய்வர ஆகும் நேரம்) முந்நூறு மில்லிவிநாடிக்குக் குறையாது என்பதால் அந்தப் பொறுமை எனக்குப் பெரிய உதவி. மறுநாள் இரவு நான் உள்ளே நுழைந்ததும் அவரிடமிருந்து முதல் செய்தி வந்தது. அதன் பிறகு ஒன்றரை ஆண்டுகள் சேர்ந்தே ஆடினோம்.

2009 டிசம்பரில் அந்த ஆட்டத்தின் 3.3 புதுப்பிப்புடன் தானியங்கிக் குழுத்தேடல் வந்தது. பொத்தானை அழுத்தினால் வெவ்வேறு சர்வர்களிலிருந்து ஐந்து பேரைக் கூட்டி நேராக டஞ்சனுக்குள் இறக்கிவிடும். முதல் வாரம் எனக்கும் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழிந்தபோது, ஒரு சொல்கூடப் பேசாமல் நாற்பது டஞ்சன்கள் முடித்திருந்தேன். சக ஆட்டக்காரர் ஒருவரின் பெயரும் நினைவில் இல்லை. அந்தக் காலத்தில் அந்த ஆட்டத்தின் அமைப்புகளுக்குத் தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர் இதே கிரெக் ஸ்ட்ரீட்தான். வசதியையும் அதற்குக் கொடுத்த விலையையும் அருகிலிருந்து பார்த்தவர் புதிய ஆட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார் என்பதே எனக்கு ஒரு தெம்பாக இருந்தது. அவரும் இப்போது அங்கே இல்லை.

ரயட்டோ, பத்து அந்நியர்களை அரை மணி நேரத்துக்குக் கூட்டிவைத்துப் பிறகு கலைத்துவிடும் வேலையைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் செய்து அதில் கைதேர்ந்த நிறுவனம். அதே கைப்பழக்கத்தில் ரூன்டெர்ராவையும் கட்டிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. உலகம் அழகாக இருக்கும், சண்டை கச்சிதமாக இருக்கும், ஆனால் அதில் யாருக்கும் யாரும் தேவைப்பட மாட்டார்கள். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?


நள்ளிரவுப்பூனை எழுதியது:

நண்பர் வடகரை அவர்களுக்கு, உங்கள் இரண்டு மணி அலாரத்தைப் படித்துச் சிரித்தேன். எங்கள் வீட்டிலும் அதே திட்டம்தான் இருந்தது. ஆனால் முடிவில் உங்களோடு உடன்பட முடியவில்லை. மகள் உறங்கிய பிறகு எனக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது நாற்பது நிமிடங்கள். அதில் இருபத்தைந்து நிமிடங்களை நகரத்தில் நின்று டேங்க் தேடுவதற்குக் கொடுக்க வேண்டும் என்றால், அந்த ஆட்டம் என்னைப் போன்றவர்களுக்கு இல்லை என்று பொருள். உங்களுக்கு அன்று அந்தச் சுவீடன்காரர் கிடைத்ததில் ஆட்டத்தின் அமைப்புக்கு எவ்வளவு பங்கு உண்டோ, இருவருக்கும் ஏராளமாகப் பொழுது இருந்ததற்கும் அவ்வளவு பங்கு உண்டு.

குழுத்தேடல் மனிதர்களை ஊமையாக்குகிறது என்பதையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. ஃபைனல் ஃபேன்டசி 14 ஆட்டத்திலும் தானியங்கிக் குழுத்தேடல்தான். ஆனால் பழைய ஆட்டக்காரர்கள் நாள்தோறும் ஏதாவது ஒரு பழைய டஞ்சனுக்குள் குலுக்கல் முறையில் போனால் கூடுதல் வெகுமதி உண்டு. அந்தக் குழுவில் முதன்முறையாக வந்தவர் ஒருவர் இருந்தால் அனைவருக்கும் அதற்கு மேலும் கிடைக்கும். புதியவர் இருக்கிறார் என்ற அறிவிப்பு உள்ளே நுழைந்ததும் திரையில் வரும். அதைப் பார்த்து மற்ற மூவரும் எரிச்சலடைவதற்குப் பதில் மகிழ்கிறார்கள், ஏனென்றால் அவர் வந்ததால் அவர்களுக்கு ஆதாயம். ஆதாயத்துக்காகத் தொடங்கிய அந்த மரியாதை நாளடைவில் பழக்கமாகவே ஆகிவிட்டது.

சாஸ்தாஷா என்பது அங்கே முதல் டஞ்சன்களில் ஒன்று. வழியில் இரத்தக்கறை படிந்த துண்டுச்சீட்டு ஒன்று கிடக்கும். எந்த நிறப் பவளத்தைத் தொட வேண்டும் என்று அதில் இருக்கும். நூறு முறை வந்தவர்கள் அதைத் திறக்காமல் ஒதுங்கி நின்று, பெயரருகே பச்சை முளை அடையாளம் உள்ள புதியவர் வந்து படிப்பதற்காகக் காத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் தவறான பவளத்தைத் தொட்டால் எதிரிகள் கிளம்பி வரும். அதையும் யாரும் குறையாகச் சொல்வதில்லை. அடித்துவிட்டு அடுத்ததைத் தொடச் சொல்வார்கள். கோளாறு பொத்தானில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பொத்தானுக்குப் பின்னால் எதற்கு வெகுமதி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் அச்சம் தினக்கூலி வேலைகளைப் பற்றியது. நாள்தோறும் உள்ளே வந்து பத்துப் பணிகளை முடிக்காவிட்டால் மற்றவர்களைவிடப் பின்தங்கிவிடுவாய் என்று பயமுறுத்தும் ஆட்டங்களால் சலித்துப் போயிருக்கிறேன். கில்ட் வார்ஸ் 2 என்ற எம்எம்ஓ வெளிவந்த 2012இல் உச்ச லெவல் 80. அத்தனை விரிவாக்கங்களுக்குப் பிறகும் 80தான். மகளின் தேர்வுக் காலத்தில் மூன்று மாதம் விட்டுவிட்டுத் திரும்பினாலும் என் கவசம் செல்லாக்காசாகியிருக்காது. ரயட் அந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டால் போதும், மற்றதை நான் பொறுத்துக்கொள்வேன்.


கம்பிவடம் எழுதியது:

இருவரும் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் தூரத்தைப் பற்றிச் சொல்கிறேன். சென்னையிலிருந்து ஆடும் எனக்கு ஒரு புதிய எம்எம்ஓ அறிவிக்கப்பட்டதும் எழும் முதல் கேள்வி, சர்வரை எங்கே வைப்பார்கள் என்பதுதான்.

பூனை அவர்கள் சொன்ன ஃபைனல் ஃபேன்டசி 14 ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு முதன்மைத் தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் இடையே பொதுவாக 2.5 விநாடி இருக்கும். அந்த இடைவெளியில் இரண்டு உபதிறன்களைச் செருகுவது கைதேர்ந்தவர்களின் வழக்கம். ஒவ்வொரு திறனும் அரை விநாடிக்குச் சற்று மேலாகக் கையைப் பூட்டிவைக்கிறது. அதன் மேல் பிங்கும் சேர்ந்துகொள்கிறது. பிங் ஐம்பதாக இருந்தால் இரண்டும் வசதியாக அடங்கும். இருநூற்றைம்பதைத் தொட்டால் இரண்டாவது திறன் அடுத்த தாக்குதலைத் தள்ளிப்போடும். பெரிய குழுவாகச் சேர்ந்து ஆடும் பத்து நிமிட ரெய்டுச் சண்டையில் இந்தச் சிறு இழப்புகள் திரண்டு, என் திறமைக்கும் தாக்குதல் பட்டியலில் என் இடத்துக்கும் தொடர்பில்லாமல் போகிறது.

இந்த விஷயத்தில் ரயட் மீது எனக்கு ஓரளவு நம்பிக்கை உண்டு. லீக் ஆட்டத்துக்காக வட அமெரிக்காவில் தங்களுக்கெனத் தனி வலையமைப்பையே அமைத்தவர்கள் அவர்கள். அவர்களின் சுடும் ஆட்டமான வேலரன்ட் வெளிவந்த 2020ஆம் ஆண்டிலேயே மும்பையில் சர்வர் வைத்தார்கள். ஆனால் ஐந்துக்கு ஐந்து ஆடும் ஆட்டத்துக்கு ஒரு நகரில் சர்வர் வைப்பது எளிது, பத்துப் பேர் வந்தால் ஓர் ஆட்டம் தொடங்கிவிடும். எம்எம்ஓவுக்கு ஓர் ஊரே வேண்டும். மும்பையில் தனி உலகம் வைத்து அதில் ஆயிரம் பேர்கூடச் சேரவில்லை என்றால், பில்ஜ்வாட்டர் துறையில் வடகரை அவர்கள் தன்னந்தனியாகத்தான் திரிய வேண்டியிருக்கும். ஆகவே என் விருப்பம் சிங்கப்பூர். சென்னையிலிருந்து அங்கே கடலடியில் நேர் வடம் இருக்கிறது, கூட்டமும் இருக்கும்.

இன்னொன்று பாட்கள், அதாவது மனிதருக்குப் பதில் தானாக ஆடும் நிரல்கள். லாஸ்ட் ஆர்க் என்ற எம்எம்ஓ மேற்கில் வெளிவந்த சில வாரங்களில், 2022 மார்ச்சில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாட் கணக்குகளை நீக்க நேர்ந்தது. நியூ வேர்ல்ட் என்ற மற்றோர் எம்எம்ஓவில் தங்கத்தை நகலெடுக்கும் ஓட்டை தெரியவந்ததால் 2021 நவம்பரில் வர்த்தகத்தையே தற்காலிகமாக நிறுத்தினார்கள். சந்தை கெட்டுவிட்டால் மீன் பிடிப்பதும் தாது வெட்டுவதும் பொருளற்றுப் போகும். ரயட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட் விண்டோஸின் அடியாழத்தில் இயங்குவதால் ஏமாற்று மென்பொருள்களுக்கு எதிராக வலுவானதுதான். ஆனால் 2024 மே மாதம் அது லீக் ஆட்டத்துக்கும் வந்தபோது லினக்ஸில் ஆடியவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. என் கணினியில் லினக்ஸ் மட்டுமே இருக்கிறது. ரூன்டெர்ராவுக்காக விண்டோஸ் வாங்குவேனா என்பதை, அந்த ஆட்டம் வரும் நாளில் எனக்கு இருக்கப்போகும் வயதுதான் முடிவு செய்யும்.


வடகரை எழுதியது:

பூனை அவர்களுக்கு நன்றி. பவளச் சீட்டுக் கதை என்னை யோசிக்க வைத்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். சாஸ்தாஷாவில் உங்களோடு இருந்த அந்த மூவரை மறுநாள் மீண்டும் சந்தித்தீர்களா? பண்புள்ள அந்நியர்கள் கிடைப்பது நல்லதுதான். நான் தேடுவது அந்நியர் தெரிந்தவராக மாறும் வழியை. பழைய சர்வர்களில் ஆட்கள் குறைவு. ஒருவர் மற்றவருக்கு உரிய லூட்டை (டஞ்சனில் கிடைத்த பொருளை) பறித்துக்கொண்டு ஓடினால், அடுத்த நாளே அவர் பெயர் நகரம் முழுவதும் தெரிந்துவிடும். பிறகு அவரை யாரும் குழுவில் சேர்க்கமாட்டார்கள். நல்ல பெயரும் அப்படித்தான் பரவியது. அந்தச் சிறிய ஊர்த்தன்மை வேண்டும் என்கிறேன். அதற்கு உங்கள் நாற்பது நிமிடங்களைக் காவு கேட்கவில்லை.


பழைய எலும்பு எழுதியது:

தம்பி வடகரை 2009ஐக் குற்றம் சொல்கிறார். எங்கள் தலைமுறைக்கு அந்த ஆண்டு 2002.

நான் எவர்குவெஸ்ட் என்ற பழைய எம்எம்ஓவை ஆடத் தொடங்கியது 2000இல், சிங்கப்பூரில் படித்துக்கொண்டிருந்தபோது. அதில் ஒரு கண்டத்திலிருந்து மறு கண்டத்துக்குப் போகக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். ஃப்ரீபோர்ட் துறையில் பலகை மேல் நின்றபடி எதிரே வரும் பாய்மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். பக்கத்தில் நிற்பவரிடம் வேறு வழியில்லாமல் பேசுவோம். அவர் மந்திரவாதியாக இருந்தால் நம்மேல் ஒரு வலுவூட்டு மந்திரத்தைப் போட்டுவிட்டுப் போவார். 2002 அக்டோபரில் பிளேன்ஸ் ஆஃப் பவர் விரிவாக்கம் வந்தது; அதிலிருந்த புத்தகங்களைத் தொட்டால் நினைத்த ஊருக்குப் போய்விடலாம். ஒரே மாதத்தில் துறையில் ஈ காக்கை இல்லை. இதைச் சொல்லி நாங்கள் அழுதபோது, இரண்டாண்டு கழித்து வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டுக்கு வந்த இளைஞர்கள் எங்களைக் கேலி செய்தார்கள். தம்பியும் அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம்.

சிரமத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் தோழமையும் கூடவே வந்துவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. 2014 ஜூனில் வந்த வைல்ட்ஸ்டார், நாற்பது பேர் கொண்ட ரெய்டையும் அதற்குள் நுழைய நீண்ட தகுதித் தேர்வையும் வைத்து, கடினத்தை விரும்புவோருக்கான ஆட்டம் என்று மார்தட்டியது. நாற்பது பேரைத் திரட்டவே கில்டுகள் (ஆட்டக்காரர்களின் நிலையான சங்கங்கள்) திணறின; தகுதி பெற்றவர்களை ஒரு கில்டு மற்றொரு கில்டிலிருந்து இழுத்தது; நட்பைவிடப் பகையே மிகுந்தது. அடுத்த ஆண்டே இலவசமாக்கினார்கள், 2018 நவம்பரில் மூடினார்கள். கப்பலில் நாங்கள் பேசியது பயணம் கடினமாக இருந்ததால் அன்று. செய்வதற்கு வேறெதுவும் இல்லாததால். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தை எந்த வடிவமைப்பாளரும் இன்று துணிந்து வைக்கமாட்டார். வைத்தாலும் நாம் கைப்பேசியை எடுத்துவிடுவோம்.

ரயட் பழையதைத் தூக்கிப்போட்டதைப் பற்றி என் கருத்து வேறு. அது எனக்கு நல்ல அறிகுறியாகவே படுகிறது. ஃபைனல் ஃபேன்டசி 14 முதலில் 2010இல் வெளிவந்து படுதோல்வி கண்டது; காசு கொடுத்து வாங்கியவர்களின் கண் முன்னாலேயே நவோகி யோஷிடா தலைமையில் இடித்துக் கட்டி, 2013இல் மறுபடி திறந்தார்கள். ரயட் அந்த இடிப்பைத் திறப்பு விழாவுக்கு முன்பே செய்திருக்கிறது. ஆனால் இடித்தவர்கள் எல்லோரும் திரும்பக் கட்டியதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டை உருவாக்கிய பிளிசார்டின் டைட்டன் என்ற எம்எம்ஓ பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு கைவிடப்பட்டதாக 2014இல் அறிவிக்கப்பட்டது. மிச்சத்தில் முளைத்ததுதான் ஓவர்வாட்ச். எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட் 2013இல் ஆரவாரமாகக் காட்டப்பட்டு 2016இல் ரத்தானது. அதற்காக நான் ஓராண்டு ஏங்கிக் கிடந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கு உள்ளபடியே உறுத்துவது ஆடை. லீக் இலவச ஆட்டம். பாத்திரங்களின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின்களை விற்றே அது வாழ்கிறது, அங்கே அது பொருத்தம்தான். எம்எம்ஓவில் ஆடை என்பது செய்த காரியத்துக்குச் சாட்சி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் அயர்ன்ஃபோர்ஜ் நகர வங்கி வாசலில் முழுக் கவசம் அணிந்து ஒருவர் நின்றால் சுற்றிலும் பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள். இந்தத் தோள்கவசம் எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்து ஒரு கில்டு அழைப்பு பிறக்கும். கடையில் வாங்கியது என்றால் அப்படிக் கேட்க என்ன இருக்கிறது? நட்பு எங்கிருந்து தொடங்கும் என்று தம்பி கேட்கிறாரே, எனக்குத் தெரிந்து பாதி நட்புகள் அந்த வங்கி வாசலில்தான் தொடங்கின.


நள்ளிரவுப்பூனை எழுதியது:

வடகரை அவர்களின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன்: அந்த மூவரையும் நான் மறுபடி பார்க்கவில்லை. எனக்குக் கிடைத்த நான்கு நிலையான நண்பர்களும் எங்கள் கில்டின் வழியாக வந்தவர்கள். குழுத்தேடலில் ஒருவரும் கிடைக்கவில்லை. அந்த அளவுக்கு உங்கள் கருத்தை ஏற்கிறேன். பெரியவர் சொன்ன கப்பலைப் போல எங்களுக்கு வாய்த்தது ரெய்டு தொடங்கும் முன் எல்லோரும் வந்து சேரும் வரையிலான பத்து நிமிடங்கள்தான். ஒருவர் எப்போதும் தாமதமாகவே வருவார். அவரைத் திட்டிக்கொண்டே நெருங்கிவிட்டோம்.

ரூன்டெர்ரா வரும்போது வரட்டும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று எண்ணினால், ஃபைனல் ஃபேன்டசியின் இலவச முன்னோட்டத்தில் லெவல் 70 வரை ஆடலாம். ஆசியாவில் ஆங்கிலம் பேசுவோர் மிகுந்திருப்பது டான்பெரி சர்வரில், நானும் அங்கேதான் இருக்கிறேன். கம்பிவடம் அவர்கள் மன்னிக்க வேண்டும், அது ஜப்பானில் இருக்கிறது.


வடகரை எழுதியது:

பதிவிறக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. மீண்டும் ஹீலராகத்தான் தொடங்கப்போகிறேன். உள்ளே வந்ததும் உங்களுக்குச் செய்தி அனுப்புகிறேன்.


நள்ளிரவுப்பூனை எழுதியது:

அனுப்ப முடியாது. இலவசக் கணக்கிலிருந்து யாருக்கும் தனிச்செய்தி போகாது. நீங்களாகக் குழுவும் அமைக்க முடியாது, யாராவது அழைத்தால்தான் சேரலாம். உங்கள் பாத்திரத்தின் பெயரை இங்கே எழுதிவையுங்கள், நான் வந்து அழைக்கிறேன். ஞாயிறு இரவு பத்தரைக்குள் வந்துவிடுங்கள். பதினொன்றே காலுக்கு மேல் எனக்குக் கண் சொருகிவிடும்.